எங்கள் அண்ணனைப் பிடித்தவர்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், ஊர்க்காரர்களுக்கும், ராஸ் அல் கைமாவிலிருந்து லீவு போட்டு வந்திருக்கும் கேம்ப் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். அவர் பெயர் அட்டையில் இருக்கிறது. உள்ளே அவர் எனக்கு அண்ணன்தான். அப்படியே எழுதுகிறேன்.

அச்சகத்தில் “ரெண்டு பக்கத்துக்குள்ள முடிச்சுக்குங்க மேடம்” என்றார்கள். அண்ணனின் ஒரு மூச்சே இரண்டு பக்கத்தில் அடங்காது. முடிந்தவரை முயல்கிறேன்.

கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பகுதி வரும். அதில் ஒருவருடைய பெயர் வரக்கூடாது என்று அவரே என்னிடம் கேட்டுக்கொண்டார். போடாவிட்டால் அண்ணனுக்கு நியாயம் இல்லை. போட்டால் அவரால் நம் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்கிறார். எழுத உட்காரும் இந்த நிமிடம் வரை எனக்கு ஒரு முடிவும் தெரியவில்லை. எழுதிக்கொண்டே போகிறேன், வழி தெரிந்தால் சரி. அதுவரை அவரைக் ‘கார்னர்’ என்று குறிப்பிடுகிறேன். கபடியில் இடது மூலையில் நின்று, பாடி வருகிறவரின் காலைப் பிடிப்பது அவர் வேலை. அந்த மூலைக்குக் கார்னர் என்று பெயர்.

அண்ணன் பிறந்தது ராமநாதபுரம் மாவட்டத்தில், நம் ஊரின் கீழக்காலனியில். அப்பா எங்களுடைய சிறு வயதிலேயே போய்விட்டார். அம்மா கருவேலம் விறகு வெட்டிச் சுமந்து எங்கள் இருவரையும் வளர்த்தார். பள்ளிக்கூடம் ஊரின் மறுபக்கம். மேலத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவைக் கடப்பது எங்கள் வழக்கம் என்று எழுதினால், ‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்பீர்கள். எனக்கு இன்னும் நாற்பது வயதாகவில்லை.

அந்தத் தெருவைக் கடக்க அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். தெரு முனைக்கு வந்ததும் நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்துக்கொள்வார். பிறகு உதடு அசையாமல் ‘கபடி கபடி கபடி’ என்று தொண்டைக்குள்ளேயே பாடிக்கொண்டு ஓடுவார். நான் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். பிள்ளையார் கோயிலைத் தாண்டிய பிறகுதான் மூச்சை விடுவார். நடுவில் விட்டால் அவுட். “இந்தத் தெருக் காத்த நம்ம உள்ள விடக் கூடாது பாப்பா” என்பார். எனக்கு மூன்றாவது வீட்டிலேயே மூச்சு முட்டும். அண்ணன் ஒரு நாளும் அவுட் ஆனதில்லை.

இப்படித்தான் அண்ணனுக்கு அந்த மூச்சு வந்தது. பின்னாளில் பேட்டி எடுத்த யூடியூப் தம்பிகள் “யாரண்ணே உங்க கோச்?” என்று கேட்டபோது, “மேலத்தெருதான்” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தத் தம்பிகள் அது ஏதோ கபடிக் குழுவின் பெயர் என்று நினைத்து எழுதிக்கொண்டார்கள்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு என்னை நர்ஸிங் படிக்கவைத்தார். பிறகு ராஸ் அல் கைமாவில் ஒரு கல் குவாரிக்கு வேலைக்குப் போனார். கல்லை உடைத்துப் பொடியாக்கும் கிரஷர் பகுதியில் டூட்டி. சில வருடங்கள் கழித்து எனக்கும் அதே ஊரில் ஒரு சிறிய கிளினிக்கில் வேலை கிடைத்தது. முதல் நாள் அவரைப் பார்க்கக் குவாரி வாசலுக்குப் போனேன். ஷிஃப்ட் முடிந்து நூறு பேர் வெளியே வந்தார்கள். தலை, புருவம், இமை எல்லாம் சுண்ணாம்புத் தூசி படிந்து எல்லாரும் ஒரே வெள்ளை. யார் பாகிஸ்தான் பட்டாணி, யார் மலையாளி, யார் நம் ஆள் என்று தெரியவில்லை. என் அண்ணன் எது என்று எனக்கே தெரியவில்லை. அந்த வெள்ளை முகங்கள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போயின. கடைசியில் ஒரு முகம் நின்று, “என்ன பாப்பா, அண்ணனையே தெரியலையா?” என்றது.

“இங்க இப்படித்தான். குளிக்கிற வரைக்கும் எல்லாரும் ஒண்ணு” என்றார்.

குளித்த பிறகு என்ன என்பதை வார விடுமுறைகளில் பார்த்தேன். தொழிலாளர் தங்கும் கேம்ப்களுக்குப் பின்னால் உள்ள பொட்டலில் கபடி நடக்கும். அதே குவாரித் தூசியை அள்ளி வந்துதான் கோடு போடுவார்கள். இந்தக் காலத்து முப்பது வினாடிக் கணக்கெல்லாம் அங்கே கிடையாது. பழைய முறை, ஒரே மூச்சு. பாடிக்கொண்டே எதிரிகளின் பக்கம் போக வேண்டும், தொட வேண்டும், அதே மூச்சில் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். தொடப்பட்டவர் வெளியே போவார். அதைச் ‘செத்தார்’ என்பார்கள். அவருடைய அணி ஒரு புள்ளி எடுத்தால் அவருக்கு ‘உசுரு வந்தது’, உள்ளே வரலாம். எதிரிகள் பிடித்து, மூச்சு முடியும்வரை விடாமல் இருந்தால் பாடி வந்தவர் செத்தார்.

அண்ணன் அந்தப் பொட்டலுக்கே ராஜா. ஷார்ஜாவிலிருந்தும் அஜ்மானிலிருந்தும் ஆட்கள் வண்டி பிடித்து வந்து பார்த்தார்கள். அவர் பாட ஆரம்பித்தால் வேடிக்கை பார்ப்பவர்களும் கூடவே மூச்சைப் பிடித்துப் பார்ப்பார்கள். எல்லாரும் விட்ட பிறகும் அவர் பாடிக்கொண்டிருப்பார். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாகிஸ்தானிகள், “பக்டோ, பக்டோ” என்று எதிரணியைப் பார்த்துக் கத்துவார்கள். பிடியுங்கள், பிடியுங்கள் என்று அர்த்தம். எதிரணி பிடிக்காது. ‘யாராலும் பிடிக்க முடியாத ஆள்’ என்று அண்ணனுக்குப் பெயர் வந்துவிட்டது.

முடியாமல் இல்லை. எப்போதும் மோதும் அந்த எதிரணி வேறு கேம்ப், வேறு காண்ட்ராக்ட். வேலை செய்வது அதே குவாரி. ஆட்கள் நம் ஊர் மேலத்தெருவும் சுற்று வட்டாரமும். அண்ணன் உள்ளே வந்தால் அவர்கள் கையைப் பின்னால் கட்டாத குறையாகப் பின்வாங்குவார்கள். அண்ணனின் விரல் பட்டவர் வெளியே போய் முதல் வேலையாகப் பைப்பைத் திறந்து கை கழுவுவார். களைப்புக்கு முகம் கழுவுகிறோம் என்று சொல்வார்கள். நான் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருவரும் முகத்தைக் கழுவவில்லை.

அவர்களில் கார்னர் பெரிய பிடிகாரர். மற்ற அணி ஆட்கள் யார் வந்தாலும் கணுக்காலைப் பிடித்தால் அப்புறம் அசைக்க முடியாது. அவர் அண்ணனை மட்டும் பதினோரு வருடம் பிடிக்கவில்லை. அவருக்கு அண்ணனைப் பிடிக்கவில்லை என்றாலும் அதே சொல்தான். நம் தமிழில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது எவ்வளவு வசதி.

ஒரு முறை பாகிஸ்தானி அணியோடு ஆட்டம். நான்கு பேர் அண்ணனை அமுக்கித் தரையோடு தரையாகத் தேய்த்துவிட்டார்கள். அண்ணன் அணி தோற்றது. முட்டியில் ரத்தத்தோடு என்னிடம் மருந்து போட வந்தவர் ஒரே சிரிப்பு. “எலும்பு நொறுங்கப் புடிச்சானுங்க பாப்பா. நல்லா இருந்துச்சு” என்றார். பிறகு பஞ்சை எடுத்துத் தானே துடைத்துக்கொண்டு, “நம்ம ஊரு ஆளு ஒருத்தன் இப்படிப் புடிச்சுட்டா போதும். அன்னைக்கே ஆட்டத்த விட்டுர்றேன்” என்றார். அவர் வாழ்க்கையில் ஆசை என்று என்னிடம் சொன்னது இது ஒன்றுதான். வீடு கட்ட வேண்டும் என்றுகூடச் சொன்னதில்லை. அண்ணியிடம் கேட்டுப் பார்த்தேன், அவரிடமும் சொன்னதில்லையாம்.

இனி நான் எழுதப் போவதை நம்புவது உங்கள் விருப்பம். அன்று அங்கே இருந்தவர்கள் சிலர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு காலை. இறுதி ஆட்டம். அண்ணன் அணிக்கும் கார்னர் அணிக்கும்தான். ராஸ் அல் கைமாவில் அந்த நாட்களில் காலையில் பனி இறங்கினால் பத்தடி தூரத்தில் நிற்கும் லாரி தெரியாது. அன்று அப்படி ஒரு பனி. நடுவராகவும் மைக்கில் பேசுகிறவராகவும் இருந்தவர் நம் பக்கத்துக் கீழக்கரைக்காரர், அங்கே மளிகைக் கடை வைத்திருப்பவர். அவரைக் காக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர்கள் பேச்சில் அண்ணன் என்று பொருள். ஆட்டக்காரர்களின் பெயரையும் ஊரையும் தெருவையும் மைக்கில் சொல்லி உள்ளே அழைப்பது வழக்கம். அண்ணன் முறை வந்தது. ஆட்டம் நடத்துகிறவர்கள் காக்காவிடம் முன்பே சொல்லியிருந்தார்கள்: ஊரைச் சொல்லுங்கள், காலனி என்று மட்டும் சொல்ல வேண்டாம், வீண் பிரச்சினை.

அண்ணன் கோட்டுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாருக்கும் தெருவு சொன்னீங்கல்ல காக்கா, எனக்கும் சொல்லுங்க. இல்லன்னா நான் இங்கயே உக்காந்து பாத்துக்கிறேன்.”

“வாப்பா, ஃபைனலு. எந்திரி. பொறவு பேசிக்கலாம்.”

“பொறவு பேசுனா மைக் இருக்காது காக்கா.”

அண்ணனின் அணி ஆட்களே கெஞ்சினார்கள். நானும் போய், “விடுங்கண்ணே” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. காக்கா கொஞ்ச நேரம் மைக்கைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அண்ணனின் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, “கீழக்காலனி” என்றார். எதுவும் தெரியாத அந்தப் பனிக்குள் அந்தச் சொல் போய் எங்கோ மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

அண்ணன் எழுந்து உள்ளே போனார். நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டார். பாட ஆரம்பித்துப் பனிக்குள் நுழைந்தார். அவ்வளவுதான், ஆள் மறைந்துவிட்டார். ‘கபடி கபடி கபடி’ மட்டும் கேட்டது. வலது பக்கம் போனது, இடது பக்கம் வந்தது, வெகு தூரம் போனது. ஒருவர் பனியிலிருந்து வெளியே வந்து பைப்பை நோக்கி நடந்தார். இன்னொருவர் வந்தார். மூன்றாமவர் வந்தார். குரல் சீராகவே கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மனிதனால் முடிகிற அளவை அது தாண்டிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. நான் நர்ஸ். மூச்சின் அளவு எனக்கு ஓரளவு தெரியும்.

அப்போது என் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். அண்ணன். நடுக்கோட்டைத் தாண்டித் தன் பக்கம் வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வாயை மூடி நின்றுகொண்டிருந்தார். பனிக்குள் பாட்டு நிற்கவில்லை.

அண்ணன் என் காதருகே குனிந்து, “யாரு பாப்பா பாடுறது?” என்று கேட்டார்.

காக்கா மைக்கைத் தாழ்த்திப் பிடித்திருந்தார். பைப்படியில் இருந்த மூவரும் தண்ணீரைத் திறந்துவிட்டபடியே நின்றார்கள். பிறகு பாட்டு நின்றது. மூச்சு வாங்கும் சத்தம் வரவில்லை. காக்கா நோட்டில் மூன்று புள்ளி எழுதினார். யாரும் இதைப் பற்றி அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. அண்ணன் அணி ஜெயித்தது. பனி விலகியபோது பார்த்தால், அந்தப் பக்கத்து மண்ணில் கார்னரின் இரண்டு பாதங்கள் நின்ற இடத்தைச் சுற்றிச் சுற்றி வெறுங்கால் தடம் வட்டமாக இருந்தது.

பனியைவிட அந்த ஒரு சொல்தான் அதிக தூரம் போனது. யாரோ போனில் எடுத்த வீடியோவில் படம் ஒன்றும் தெரியாது, ‘கீழக்காலனி’ என்ற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும். வளைகுடா முழுக்க நம் ஆட்கள் அதை அனுப்பிக்கொண்டார்கள். முதல் அறிமுகத்தில் நம்மவர்கள் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியும்: “எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?” அந்த இரண்டாம் கேள்விக்கு நம் ஆட்கள் பக்கத்து டவுனைச் சொல்லித் தப்பிப்பார்கள். குவைத் அப்பாசியாவில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகன் ஏழு வருடம் அப்படித்தான் தப்பித்தான். வீடியோ வந்த வாரம் அறையில் எல்லாரிடமும், “அந்தக் காலனிதான் நானும். அவரு எங்க பெரியப்பா மகன்” என்று சொல்லிவிட்டான். அதன் பிறகு அந்த அறையில் தண்ணீர் ஜாடி இரண்டானது. அவன் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. இப்படி எத்தனையோ பேர் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னார்கள். அண்ணன் எல்லாரிடமும் ஒரே பதில்தான் சொன்னார்: “சரி தம்பி, மூச்ச விட்றாத.”

கடந்த கோடையில் அவர் போனார். கோடையில் உச்சி வெயில் நேரத்தில் அங்கே வேலை கிடையாது. கொட்டகை நிழலில் எல்லாக் காண்ட்ராக்ட் ஆட்களும் படுத்திருப்பார்கள். அன்று அண்ணன் ஒரு தூணோரம் படுத்திருந்தார். நான்கு பாய் தள்ளி கார்னர். மற்றது அவர் எனக்குச் சொன்னது. அவர் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“ஒங்கண்ணன் தூக்கத்துல பாடுனாரு தங்கச்சி. மெதுவாத்தான். எனக்கு மட்டும் கேட்டுச்சு. கார்னர்ல நிக்கிறவனுக்கு எதிராளி மூச்சுதான் கணக்கு. எப்ப முடியும், எப்ப திரும்புவான்னு மனசு எண்ணிக்கிட்டே இருக்கும். அவரு பாட்டு நின்னுச்சு. சரி, இப்ப மூச்சு வாங்குவாருன்னு காத்திருந்தேன். வாங்கல. எண்ணிக்கிட்டே கெடந்தேன். வாங்கல. சுத்தி எல்லாரும் தூங்குறாங்க. அப்பத்தான் எந்திரிச்சுப் போயிப் புடிச்சேன்.”

குவாரியில் ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சியில் ரப்பர் பொம்மையை வைத்து எப்படி நெஞ்சை அமுக்குவது, எப்படி வாயில் ஊதுவது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் அமுக்கினார். ஊதினார். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. கொட்டகையில் இருந்த மேலத்தெரு ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். வந்தவர்கள் தோளைத் தட்டி, “கலாஸ், பாய், கலாஸ்”, முடிந்துவிட்டது என்று சொல்லி எழுப்பியபோதும் அவர் கை அண்ணனின் தோளில் இறுகியிருந்ததாம். இரண்டு பேர் சேர்ந்து விரல்களை எடுத்துவிட்டார்கள்.

“நான் ஊதுன காத்து உள்ள போச்சு தங்கச்சி. திரும்பி வெளிய வரும்போது கபடின்னு வந்துச்சு. ஒவ்வொரு தடவையும்.”

காற்று குரல்வளை வழியாகத் திரும்பும்போது சத்தம் வரும், இது எங்களுக்குப் பழக்கம்தான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “காத்து கபடின்னு சொல்லுமா தங்கச்சி?” என்றார்.

அண்ணனை ஊருக்குக் கொண்டுவரும் வேலைகளைக் காக்கா பார்த்துக்கொண்டார். பெட்டியோடு நான் வந்தேன். மதுரையிலிருந்து வந்த வண்டிக்காரருக்கு நம் ஊர் முறை தெரியாது. சுற்றுப்பாதையில் போகாமல் நேராக மேலத்தெருவுக்குள் விட்டுவிட்டார். தடுக்க வாய் திறக்கப் போனவள் திறக்காமல் விட்டேன். பிள்ளையார் கோயில் தாண்டியதும்தான் எனக்கு நெஞ்சு வலித்தது. அந்தத் தெரு முழுக்க நான் மூச்சு விடவில்லை. பெட்டிக்குள் இருந்தவரும் விடவில்லை.

பதினாறாம் நாள் அங்கே ராஸ் அல் கைமாப் பொட்டலில் அண்ணன் நினைவாக அதே இரண்டு அணிகளும் ஆடின. அண்ணன் அணியில் அவருடைய இடத்தைக் காலியாக விட்டு ஆறு பேரோடு ஆடுவதாக ஏற்பாடு. முதல் புள்ளி அண்ணன் அணிக்குக் கிடைத்தது. அதுவரை அவர்களில் ஒருவரும் அவுட் ஆகவில்லை, வெளியே உட்கார்ந்திருப்பவர் யாருமில்லை. ஆனால் காக்காவுக்குப் பல வருடப் பழக்கம். புள்ளி விழுந்ததும் வாய் தானாக மைக்கில் சொல்லிவிட்டது:

“ஒரு உசுரு வந்துருச்சு. உள்ள வா வாப்பா.”

சொல்லிவிட்டுக் காக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பட்டப்பகல், நல்ல வெயில், பனி கிடையாது. அந்தக் காலியிடத்துக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் கொஞ்சம் விலகி வழிவிட்டார்கள். ஏன் விலகினீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, தெரியவில்லை என்றார்கள். காக்கா ஆட்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். நோட்டை மூடிவைத்துவிட்டு, “இன்னைக்கு இது போதும்” என்றார். இதைக் காக்காவே நான் ஊரிலிருந்து திரும்பியதும் என்னிடம் சொன்னார். எத்தனை எண்ணினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கார்னர் என் கிளினிக்குக்கு வந்தார். டாக்டரைப் பார்க்கச் சீட்டுப் போடாமல் என்னைத் தேடி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். தூங்கும்போது மூச்சு விட்டால் பாட்டாக வருகிறது என்று ரூம் ஆட்கள் சொல்கிறார்களாம். பிடிகாரர் அவர். வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பாடிப் போனதில்லை. “இழுக்குறது என் மூச்சு தங்கச்சி. விடும்போது வேற ஆளு விடுற மாதிரி இருக்கு” என்றார். அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். மூச்சை இழுக்கச் சொன்னேன், விடச் சொன்னேன். நான் கேட்டதை அப்படியே எழுதினால் என் வேலைக்கு நல்லதில்லை.

“எப்படி இருக்கு?” என்றார்.

“நீளமா இருக்கு” என்றேன்.

அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, அண்ணனுக்கு மலர் போடுவதாகக் கேள்விப்பட்டேன் என்றார். பிறகு இந்த விஷயத்தைக் கேட்டார். “நான் ஊதுனத எழுதாத தங்கச்சி. அங்க யாரும் வாயத் தொறக்கல. ஊர்ல அச்சடிச்ச தாள்ல வந்துச்சுன்னா எங்க வீட்டுல என்னைய அடுப்படிக்குள்ள விட மாட்டாங்க.” நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு வேலை ஓடவில்லை. பதினோரு வருடம் பிடிக்காத கை, பிடித்த ஒரு நாளையும் ஒளித்துவைக்கச் சொல்கிறதே என்று எனக்குக் கோபம். அண்ணன் ஆசைப்பட்டது அந்தப் பிடிதான். அது வந்தபோது தெரிந்துகொள்ள அவருக்கு நினைவு இருந்ததா என்பதுகூடத் தெரியாது. அதையும் இல்லை என்று ஆக்கினால் அண்ணனிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

இதுவரை எழுதி அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். நன்றிப் பகுதியில் ஒரு வரியைக் காலியாக விடச் சொன்னேன். மலர் வேலைக்காக ஊரில் காலனி வீட்டில்தான் இருக்கிறேன். நேற்றுப் பிற்பகல், புரூஃப் திருத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கார்னர். லீவில் ஊருக்கு வந்திருக்கிறாராம். பேசியது மேலத்தெருவிலிருந்து.

“தங்கச்சி, பேரப் போட்டுரு.”

நான் புரூஃப் தாளைக் கீழே வைத்தேன்.

“பேரு மட்டும் பத்தாது. தெருவையும் போடு. காக்கா மைக்ல சொன்னாருல்ல, அந்த மாதிரி.”

“வீட்டுல கேப்பாங்களே.”

“கேக்கட்டும். நான் இப்ப தெருவுல நின்னுதான் பேசுறேன். நாலு பேரு கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.”

“நெஞ்சு எப்படி இருக்கு?”

போனில் அவர் மூச்சு விடுவது கேட்டது. நீளமாக, நின்றுவிடுமோ என்று நான் பயப்படும் அளவுக்கு நீளமாக, உள்ளுக்குள் அந்தச் சொல் தட்டித் தட்டி வெளியே வந்தது. அது எங்கள் அண்ணன்தான். எனக்குச் சந்தேகம் இல்லை. நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். முடிந்தது. பிறகு, பனிக்குள் நான் கேட்காத சத்தம், கொட்டகையில் அவர் காத்திருந்தும் வராத சத்தம், போனில் கேட்டது. ஒருவர் நெஞ்சு நிறைய மூச்சை வாங்கினார். எந்தப் பக்கத்துக் காற்று என்று பார்க்காமல் வாங்கினார்.

இனி நன்றி.

அண்ணனின் உடல் ஊர் வந்து சேரும்வரை கடையைப் பூட்டிவிட்டு அலைந்த காக்காவுக்கு. வெள்ளை முகத்தோடு வாசல்வரை வந்து வழியனுப்பிய கிரஷர் பகுதி நண்பர்களுக்கு. எலும்பு நொறுங்கப் பிடித்த பாகிஸ்தானி அணிக்கு. அப்பாசியாவில் தனி ஜாடியில் தண்ணீர் குடித்துக்கொண்டு சொன்ன சொல்லில் நிற்கும் தம்பிக்கு. பெட்டியைத் திறந்தபோது நான் விழுந்துவிடாமல் என்னைத் தாங்கிய அண்ணிக்கு.

கடைசியாக ஒருவருக்கு. மன்னிப்பு என்று நான் எழுதவில்லை, நன்றி என்றுதான் எழுதுகிறேன். இரண்டும் வேறு என்பது அவருக்கும் தெரியும். நம் ஊர்க்காரர்களில் எங்கள் அண்ணனை முதன்முதலாகப் பிடித்தவர்:

செல்வராசு, மேலத்தெரு.